கண்மாய்க்குள் மலையைப் பிடிப்பது: நீர்ப் பிரதிபலிப்புகளைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

மதுரை வட்டாரத்தில் கண்மாய்த் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மலையையும் நிழல் என்பார்கள். வெயிலில் பனைமரம் தரையில் வீழ்த்தும் கருமையையும் நிழல் என்பார்கள். பேச்சுக்கு ஒரே சொல் போதும். கேமராவோடு கரையில் நிற்பவர் மட்டும் இவ்விரண்டையும் முதல் நாளிலேயே பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஏனென்றால், மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து கலங்கிக் கிடக்கும் கண்மாயில் மலையின் நிழல் துலக்கமாகத் தெரிய வேண்டுமானால், அந்த நீரின்மேல் மரத்தின் நிழலோ கரையின் நிழலோ விழுந்திருக்க வேண்டும். வெயில் நேராகப் படும் கலங்கல் நீரில் மண்துகள்கள் ஒளியைச் சிதறடித்துத் தண்ணீரையே தேநீர் நிறத்தில் காட்டிவிடுகின்றன. அதே நீரில் நிழல் விழுந்த பகுதியோ கருத்துப்போய், கண்ணாடிக்குப் பின்னால் பூசிய இரசம்போல வேலை செய்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, தண்ணீரில் தெரியும் உருவத்தை இக்கட்டுரையில் பிரதிபலிப்பு என்றே குறிப்பிடுகிறேன்.

வடக்கே ஏரி, தெற்கே குளம், எங்கள் பக்கம் கண்மாய் என்று பெயர் மாறினாலும் செய்முறை ஒன்றுதான். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுத்து, ஆண்டின் ஆறு பருவங்களிலும் அங்கே திரும்பத் திரும்பப் போகும் பொறுமைதான் தேவை. ஊர் ஊராகச் சென்று ஒவ்வோர் ஏரியிலும் ஒரு படம் எடுப்பவரைவிட, ஒரே கண்மாயில் நாற்பது காலைகளைச் செலவிட்டவருக்கு நல்ல படங்கள் அமைகின்றன என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கண்மாயைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில், இருட்டிலேயே போய்ச் சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். தொலைவு கூடினால் விடியலைத் தவறவிடுவீர்கள். அடுத்து, தண்ணீருக்கு அப்பால் உயரமாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: ஒரு குன்று, பனை வரிசை, கோபுரம், பெரிய ஆலமரம். மதுரையைச் சுற்றி இதற்குக் குறைவில்லை. திருப்பரங்குன்றம் மலைக்குத் தென்கால் கண்மாய் இருக்கிறது. யானைமலையைச் சுற்றிலும் கண்மாய்கள் உண்டு. மேலூர்ப் பக்கம், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் மொட்டைப் பாறைக் குன்றுகளும் நீர்நிலைகளும் அருகருகே அமைந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க் கண்மாயின் எதிர்க்கரையில் நாலு பனை நின்றால் போதுமானது.

தேர்ந்தெடுத்த பிறகு கரையின் திசையைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் சமவெளி பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிவதால், வரும் நீரைத் தடுத்து நிறுத்தும் மண்கரை பல கண்மாய்களில் கிழக்கிலோ தென்கிழக்கிலோ அமைந்திருக்கும். பாசனத்துக்காக நம் முன்னோர் செய்த இந்த ஏற்பாடு படமெடுப்பவருக்குப் பெரும் உதவியாக அமைந்துவிட்டது. காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் எழுகிறது. எதிரே மேற்கில் உள்ள குன்றின்மேல் முதல் வெயில் முழுதாகப் படுகிறது. உங்களுக்கு முன்னால் உள்ள நீர்ப்பரப்பின்மேல் கரையின் நிழலும் கரைமேல் நிற்கும் பனைகளின் நிழலும் நீண்டு கிடக்கின்றன. குன்றின் உச்சி பிரதிபலிப்பது உங்களுக்கு அருகில் உள்ள நீரில், அதாவது அந்த நிழலுக்குள். முதல் பத்தியில் சொன்னது இதுதான். செம்மண் தண்ணீராக இருந்தாலும் பொன்னிறக் குன்று கருத்த நீரில் பளிச்சென்று தெரியும். சூரியன் மேலேறும்போது நிழல் கரையை நோக்கிச் சுருங்கிவிடுவதால், இந்தக் காட்சி அரை மணி நேரத்துக்குமேல் நிலைப்பதில்லை.

மாலையில் அதே கரையில் நின்றால் சூரியன் நேர் எதிரே இறங்கும். அப்போது குன்றும் மரங்களும் கரிய வடிவங்களாகத்தான் கிடைக்கும். அதுவும் ஒரு வகைப் படம்தான். ஆனால் தொடங்குபவர்கள் எல்லாரும் மாலையையே நாடுவதால், ஒரே மாதிரியான படங்கள் ஊரெங்கும் பெருகிக் கிடக்கின்றன.

காற்று எழும் முன்

என் தொடக்க நாள்களில் எட்டு மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவேன். தண்ணீர் எப்போதும் சிலுசிலுத்துக்கொண்டே இருக்கும். குன்று கிழிந்த துணிபோலத் தெரியும். மடையருகில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சில நாள் பார்த்துவிட்டு, “காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வாங்க தம்பி. அது எந்திரிச்சிருச்சுன்னா பொழுது சாயுற வரைக்கும் ஒக்காராது” என்றார். அந்த ஆண்டு நான் பெற்ற பயனுள்ள பாடம் அதுவே.

அதற்குக் காரணம் உண்டு. இரவில் தரை குளிர்வதால் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய், அசையாமல் படிந்திருக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் அந்தக் காற்று மேலெழுந்து, மேலே ஓடும் காற்றோடு கலக்கிறது. அத்துடன் நீர்ப்பரப்பின் அமைதியும் போய்விடுகிறது. ஆகவே சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பிருந்து, எழுந்தபின் ஒரு மணி வரை உங்கள் நேரம் என்று கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நமது பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகவே ஏறுவதால், விடியல் வெளிச்சம் விறுவிறுவென்று மாறிவிடும். கண்ணுக்கு ஊர் தெரியத் தொடங்கிச் சூரியன் தலைகாட்டும் வரை ஏறத்தாழ 22 நிமிடங்களே ஆகின்றன. ட்ரைபாடை நிறுத்துவதும் இடம் தேடுவதும் அதற்குமுன் முடிந்திருக்க வேண்டும்.

காற்றை அளக்கக் கருவி வேண்டாம், பனையே போதும். பனையோலை காய்ந்த தாள்போலச் சலசலப்பதால், முகத்தில் படாத மெல்லிய காற்றையும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஓலை அசைந்தால் அடுத்த நிமிடம் தண்ணீர் கலையும் என்று வைத்துக்கொண்டு அதற்குள் எடுத்துவிடுங்கள். காற்று வந்துவிட்டாலும் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி எப்போதும் கொஞ்சம் நீர் அமைதியாக இருக்கும். தாமரை இலைகளோ கோரைப்புற்களோ சூழ்ந்த சிறு வெளிகளிலும் அலை எழும்பாது.

எங்கே நிற்பது, எவ்வளவு தாழ்வது

கரைமேல் நின்றபடியே எடுத்தால், கண்ணுக்குத் தெரிந்த அழகில் பாதி படத்தில் இருக்காது. தண்ணீர் காட்டுவது நீங்கள் பார்க்கும் அதே காட்சியைத் திருப்பி வைத்தது அன்று. நீங்கள் நீர்மட்டத்துக்கு மேலே எத்தனை அடி நிற்கிறீர்களோ, அத்தனை அடி நீர்மட்டத்துக்குக் கீழே ஒருவர் இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சியை அது காட்டுகிறது. எதிர்க்கரைப் பனைகளுக்கு மேலே குன்று கம்பீரமாகத் தெரியும். தண்ணீரிலோ அந்தப் பனைகள் உயர்ந்து குன்றை மறைத்துவிடும். கேமராவைத் தாழ்த்தத் தாழ்த்த இந்த வேறுபாடு குறைந்து, மேலும் கீழும் ஒன்றுபோல ஆகும். மடையின் படிக்கட்டோ படித்துறையோ இருந்தால் கடைசிக் காய்ந்த படி வரை இறங்கி, ட்ரைபாடின் கால்களை முழுவதும் அகட்டி, முழங்கால் உயரத்துக்கும் கீழே கேமராவை வையுங்கள்.

தாழ்வதால் இன்னொரு பயனும் உண்டு. தண்ணீரை நேர் மேலிருந்து பார்க்கும்போது அதன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்குதான் திரும்பி வருகிறது. எஞ்சியது நீருக்குள் போய்விடுகிறது. பார்வை சாயச்சாயத் திரும்பும் ஒளி கூடிக்கொண்டே வந்து, ஏறக்குறைய நீர்மட்டத்தோடு ஒட்டிப் பார்க்கையில் பாதிக்கும் மேல் வந்துசேர்கிறது. ஆகவே முட்டிபோட்டு எடுத்த படத்தில் பிரதிபலிப்பு இயல்பாகவே வெளிச்சமாக இருக்கும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே வந்துவிடும். தண்ணீருக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் பிடித்து எடுக்கலாம். கேமராவால் அவ்வளவு தாழ முடியாது. மழைக்குப் பின் சாலையோரம் தேங்கிய குட்டையில்கூட ஒரு முழு வேப்பமரத்தைக் கொண்டுவந்துவிடலாம். கையில் மாட்டும் கயிறு இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள். என் பழைய கைப்பேசி ஒன்று கண்மாய் வண்டலுக்குள்தான் இருக்கிறது.

படம் சாயாமல் இருக்க எதிர்க்கரையை நம்பாதீர்கள். கரை வளைந்து செல்வதால் அது சாய்ந்தே தெரியலாம். ஒரு பனையின் உச்சியும் தண்ணீரில் தெரியும் அதே உச்சியும் எப்போதும் நேர் செங்குத்துக் கோட்டில்தான் இருக்கும். திரையில் உள்ள கட்டக் கோடுகளில் ஒன்றை அந்த இரண்டு உச்சிகளின்மேல் பொருத்திவிட்டால் கேமரா நேராக நிற்கிறது என்று பொருள்.

ஃபோகஸும் வெளிச்சமும்

தொடங்குபவர்கள் அனைவரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். ஒரு மார்கழிக் காலையில் நாற்பது படங்கள் எடுத்துவிட்டு வீட்டில் கணினியில் திறந்தபோது, தண்ணீர்மேல் மிதந்த பாசியின் ஒவ்வொரு துணுக்கும் துல்லியமாக இருந்தது. குன்றின் பிரதிபலிப்பு மட்டும் கலங்கியிருந்தது. பிரதிபலிப்பு தண்ணீரின்மேல் இருப்பதாக நினைத்துத் தண்ணீரின்மேல் ஃபோகஸ் செய்ததன் விளைவு அது. ஒளியின் கணக்கு வேறு: கேமராவிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து குன்றுக்கும் உள்ள தொலைவுகளைக் கூட்டினால் வருவதே பிரதிபலிப்பின் தொலைவு. எனவே குன்றின்மேல் ஃபோகஸ் செய்யுங்கள், பிரதிபலிப்பு தானே துல்லியமாகிவிடும். தானியங்கி ஃபோகஸ் மிதக்கும் இலையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தால், குன்றின்மேல் ஒருமுறை பொருத்திவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கைப்பேசியில் குன்றின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

முன்னால் உள்ள தாமரை இலையும் தொலைவில் உள்ள குன்றும் இரண்டுமே துல்லியமாக வேண்டுமென்றால், அகன்ற லென்ஸும் சிறிய அப்பெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) வேண்டும். முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து, இரண்டு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து குன்று வரை எல்லாம் துலங்கும்.

பிரதிபலிப்பு எப்போதும் அசலைவிடச் சற்றே மங்கலாக இருக்கும். நிற்கும் உயரத்தைப் பொறுத்து இந்த வேறுபாடு ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் வரும் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). வானம் வெளுத்துப்போகாதபடி வெளிச்சத்தை அளந்து ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுத்து, நீர்ப்பகுதியைப் பின்னர் கொஞ்சம் தூக்கிக்கொள்வதே எளிய வழி. தூக்கும்போது அசலுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ கொண்டுபோய்விடாதீர்கள். வானத்தைவிட வெளிச்சமான தண்ணீரை நம் கண் ஒருபோதும் பார்த்ததில்லை என்பதால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் அந்தப் படம் பொய்யாகத்தான் படும்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கியவர்கள் அதைக் கழற்றாமலே வைத்திருப்பார்கள். நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது, அந்த ஃபில்டரை ஒரு பக்கம் திருப்பினால் பிரதிபலிப்பே இல்லாமல் போய் அடியில் கிடக்கும் பாசி தெரியும். அல்லி இலைகளின்மேல் உள்ள கண்கூசும் பளபளப்பை நீக்க அது நல்ல கருவி. குன்றின் பிரதிபலிப்பை எடுக்கும்போது பையிலேயே இருக்கட்டும்.

மெல்லிய சிற்றலை இருந்தால் ஷட்டரை ஒன்று முதல் நான்கு விநாடி வரை திறந்துவைத்துப் பாருங்கள். அலைகள் கரைந்து நிறங்கள் மட்டும் மெழுகியதுபோல எஞ்சும். விடியலுக்குமுன் இதற்குத் தனி ஃபில்டர் தேவைப்படாது, வெயில் வந்தபின் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும். பறவைகளுக்கு இது நேர் எதிர்: நடந்து இரை தேடும் கொக்குக்கு ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு, பறக்கும் நாரைக்கு 1000-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம். கருத்த நீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கேமரா தானாக அளந்தால் சிறகின் நுணுக்கம் வெளுத்துப்போகும் என்பதால், ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். கொக்கின் அலகும் தண்ணீரில் உள்ள அலகும் தொட்டுக்கொள்ளும் கணத்துக்கு முன்பே அழுத்துங்கள்; தொட்டுவிட்டால் வளையம் எழுந்து உருவம் உடைந்துவிடும்.

ஆறு பருவங்களில் ஒரே கண்மாய்

தொடங்கச் சிறந்த காலம், வியப்பாக இருந்தாலும், தண்ணீரே இல்லாத முதுவேனில்தான். ஆனி, ஆடி மாதங்களில் கண்மாயின் உள்வாய் வெடித்துக் கிடக்கும், ஆடுகள் மேயும். அப்போது உள்ளே இறங்கி நடந்து பாருங்கள். எங்கே சரிவு மெதுவாக இறங்குகிறது, எந்தக் கருவேல மரங்கள் நீருக்குள் நிற்கப்போகின்றன, எங்கே மண் அள்ளிய பள்ளங்கள் உள்ளன என்பதையெல்லாம் தாளில் வரைந்துகொள்ளுங்கள். இந்தப் பள்ளங்களைக் குறித்துவைப்பது படத்துக்காக மட்டுமன்று. கண்மாய் நிறைந்தபின் முழங்கால் ஆழம்தானே என்று இறங்குபவரை ஆளுயரத்துக்கும் கீழே இழுப்பவை அவைதான். தண்ணீர் கிடைத்தாலும் இப்பருவத்தில் பிரதிபலிப்பு கிடைப்பது அரிது. அம்மியையும் பறக்கவைக்கும் என்று பழமொழி சொல்லும் ஆடிக்காற்று, குளிர்ந்த விடியலிலும் சில நாள்களில் ஓய்வதில்லை.

கார்ப் பருவமான ஆவணி, புரட்டாசியில் மாலைகளில் இடிமேகம் திரளும். கண்மாய் இன்னும் நிறைந்திராது. ஆனால் ஒரு மணி நேர மழை விட்டுச்செல்லும் தேக்கங்களில், மேகங்களுக்குள் சிவக்கும் வானம் சில நிமிடங்கள் விழுந்து கிடக்கும். மின்னல் வெட்டும்போது திறந்த கரையில் உலோக ட்ரைபாடுடன் நிற்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை கூதிர்ப் பருவம். வடகிழக்குப் பருவமழை எங்கள் கண்மாய்களை நிறைப்பது இப்போதுதான். வரத்துக் கால்வாயில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து சேர்வதைப் பார்க்க ஊரே கரைக்கு வரும், நீங்களும் போங்கள். பிரதிபலிப்புக்கு அந்த நீர் பயன்படாது என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்குவதில்லை. முன்னே சொன்ன நிழல் உத்தி முழுமையாகப் பலிப்பது இந்தக் கலங்கல் நீரில்தான். சிவந்த நீரும் கருத்த நிழலும் பொன்னிறக் குன்றும் ஒரே சட்டத்துக்குள் அமைவது ஆண்டில் இரண்டு வாரங்கள் மட்டுமே. வெயிலே வராத மூடாக்கு நாள்களும் வீண் இல்லை. அந்த மெத்தென்ற வெளிச்சத்தில் மழையில் கழுவப்பட்ட பச்சை ஆழமாகத் தெரியும். வெளுத்த வானத்தைச் சட்டத்துக்குள் விடாமல், எதிர்க்கரை மரங்களையும் அவற்றின் பிரதிபலிப்பையும் மட்டும் நெருக்கி எடுங்கள். தூறல் விழும்போது உருவம் முழுவதும் புள்ளிபுள்ளியாகக் கலையும். தூறல் நின்ற உடனே, அடுத்த காற்று வரும்முன், நீர் கண்ணாடியாகிவிடும். குடைக்குள் காத்திருப்பவருக்கு அந்த இடைவெளி ஐந்தாறு நிமிடம் கிடைக்கும். கண்மாய் நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழியே மறுகால் பாயத் தொடங்கினால், அங்கே காலை நனைத்துப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பாசி பிடித்த கல்லின்மேல் ஓடும் நீர் கணுக்கால் அளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

மார்கழியும் தையும் சேர்ந்த முன்பனிதான் ஆண்டின் அறுவடைக் காலம். மண் படிந்து நீர் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், கண்மாய் இன்னும் நிரம்பியிருக்கும். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி எழுவதால், தென்கிழக்குக் கரை உள்ள கண்மாய்களில் வெயில் சரியாக உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வைகாசிக் கடைசியிலோ அதே சூரியன் ஏறக்குறைய அதே அளவுக்கு வடக்கே தள்ளிப் போயிருக்கும். சென்ற ஆண்டு எடுத்த இடத்தில் நின்றும் படம் ஏன் அமையவில்லை என்று குழம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தை மாதத்தில் மதுரையில் சூரியன் எழ 6.40 ஆகிவிடுவது தூக்கத்தை விரும்புவோருக்கு ஆறுதல்; வைகாசியில் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும்.

இந்த மாதங்களில் காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலைகளில், கண்மாய் ஆவி விடும். ஆவிக்குப் பின்னால் குன்றின் அடிப்பகுதி மறைந்து உச்சி மட்டும் மிதக்கும். கேமரா இந்த வெண்மையைச் சாம்பல் நிறமாக்கிவிடுவதால் அரை அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸின்மேல் நீர் பூத்துவிடும். இரவே கேமராப் பையைத் திண்ணையிலோ பால்கனியிலோ வைத்துவிடுவது நல்லது. நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் கண்மாயின் நடுவே மிதக்கும். அவை நீந்தும்போது பின்னால் விரியும் கோடு பிரதிபலிப்பைக் கிழித்துச் செல்வதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். அசையாத குன்றின் குறுக்கே ஒரு வாத்து இழுத்த கோடு படத்துக்கு உயிர் கொடுக்கும்.

தைப்பூசத்தன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. மைய மண்டபத்தின் விளக்குகள் சிற்றலையில் உங்களை நோக்கி நீண்ட ஒளித்தூண்களாக இறங்கும். தெப்பத்தை வடம்பிடித்து இழுப்பதால் அது நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்து ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தால் வெறும் ஒளிக்கோடுதான் மிஞ்சும். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600 அல்லது 3200 வைத்து, விநாடியில் 30-இல் ஒரு பங்கை ஒட்டி எடுத்துப் பாருங்கள்.

மாசி, பங்குனிப் பின்பனியில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும். கரையோரம் ஈரச் சேறு ஒவ்வொரு வாரமும் ஒரு வரியாக வெளிப்பட, அந்தச் சேற்றின் மினுமினுப்பே இரண்டாம் கண்ணாடியாகும். ஒரு விரல் ஆழ நீரில் நிற்கும் சங்குவளை நாரைகளின் மஞ்சள் அலகும் இளஞ்சிவப்புச் சிறகும் முழுதாகத் தெரியும். இலையுதிர்ந்த இலவமரம் செந்நிறப் பூக்களோடு நீரோரம் நின்றால் அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ட்ரைபாடின் கால்கள் சேற்றில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பேன், கால் அமிழாது.

சித்திரை, வைகாசி இளவேனிலில் கண்மாய் ஒரு மூலைக்கு ஒடுங்கிவிடும். எட்டு மணிக்கெல்லாம் கானல் எழுந்து குன்று நெளியத் தொடங்குவதால், தொலைவுக் காட்சிகளை விட்டுவிட்டு ஊருணிக்கும் கோயில் தெப்பக்குளத்துக்கும் போங்கள். சிறிய நீரில் காற்று அதிக அலை எழுப்பாது. சுற்றிலும் மதில் இருந்தால் இன்னும் நல்லது. படிக்கட்டோரச் சரக்கொன்றை பூத்துச் சரம்சரமாகத் தொங்கும் மாதங்கள் இவை. எஞ்சிய நீரில் ஒதுங்கும் பறவைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதால், இப்பருவத்தில் மட்டும் அருகில் போகாமல் கரையிலிருந்தே நீண்ட லென்ஸில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுகட்டும் காலத்துக்கும் இதுவே பொருந்தும். சரணாலயங்களில் அனுமதியின்றி ட்ரோன் விடுவது சட்டப்படி குற்றம்.

ஊராரிடம் ஒரு சொல்

கண்மாய்க்கு உரிமையாளர் இல்லை என்று நினைக்க வேண்டாம். பாசனம் ஒருவர் பொறுப்பு, மீன்பாசிக் குத்தகை இன்னொருவர் பொறுப்பு. விடியற்காலையில் பையோடு கரையில் பதுங்குபவரை மீன் திருட வந்தவராகவே அவர்கள் முதலில் பார்ப்பார்கள். முதல் நாளே “ஐயா, மலையைப் படம் எடுக்க வந்திருக்கேன்” என்று சொல்லி, எடுத்ததைத் திரையில் காட்டிவிட்டால் அடுத்த நாள் முதல் அவர்களே தகவல் சொல்வார்கள். எந்த மூலையில் நாரை இறங்குகிறது, எப்போது மடை திறக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் கைப்பேசிச் செயலிகளில் கிடைக்காத செய்திகள். பெண்கள் குளிக்கும் துறையின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குறிப்பேடு

படங்களைக் கணினியில் தேதிவாரியாக வைப்பதோடு, ஒரு சிறிய குறிப்பேட்டையும் பையில் வைத்திருங்கள். நான் நாலு செய்திகளை மட்டும் எழுதுகிறேன்: தமிழ் மாதமும் நாளும், மடையின் எத்தனையாவது படி வரை தண்ணீர், காற்று எழுந்த நேரம், எந்தப் பனையடியில் நின்றேன் என்பது. சென்ற ஆண்டுக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் இந்த ஆண்டு எந்த வாரம் விடுப்பு எடுப்பது என்று முடிவு செய்கிறேன். மார்கழி 12-ஆம் நாளுக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறது: “மூன்றாம் படி. 7.10 வரை ஓலை அசையவில்லை. இரட்டைப் பனை. ஆவி இருந்தது; லென்ஸ் துடைக்கத் துணி மறந்துவிட்டேன்.”